காரியின் முதுகில் இரண்டு சுழி

1

நேற்று ஒரு இரும்புக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்க் குதிரை லாயத்து மேஸ்திரி வீட்டு மாடியில் வைத்துவிட்டு வந்தேன். கட்டிலும் என்னுடையதல்ல, வீடும் என்னுடையதல்ல. ஆனால் அந்த வீட்டுப் படிக்கட்டில் எந்தப் படி முனகும், சமையலறை ஜன்னலில் எந்தக் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது, பின்கதவை எப்படித் தூக்கிச் சாத்த வேண்டும் என்பதெல்லாம் புதிதாகக் குடிவந்தவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷம் மனசுக்குள் நான் அங்கேதான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்.

கட்டிலை இறக்கி வைத்ததும் புது மேஸ்திரியின் மனைவி டீ கொடுத்தாள். "சாம், நீ இல்லாவிட்டால் நாங்கள் என்ன செய்திருப்போம்!" என்றாள். கோவிந்தசாமி என்ற என் பெயரில் இவர்கள் வாயில் தங்கியது கடைசித் துண்டுதான். அதுவும் தேய்ந்து சாம் ஆகிவிட்டது. ரேஷன் சர்க்கரையில் ஒரு கரண்டி எனக்காகச் செலவழித்தாள், பாவம்.

கப்பலை விட்டு இறங்கி நேற்றோடு மூன்று வருஷம். அதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

இந்தப் பத்திரிகையில் முன்னே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். பனியில் வழுக்கிக் குதிரை லத்திக் கூடையோடு விழுந்த கதையையும், மிளகாய் கிடைக்காமல் மிளகை அள்ளிப் போட்டுக் குழம்பு வைத்து லாயமே தும்மிய கதையையும் படித்துச் சிரித்ததாக ஆசிரியர் எழுதியிருந்தார். இந்த முறை அப்படி எதுவும் இல்லை. நான் செய்த ஒரு தப்பை எழுதப் போகிறேன். அந்தத் தப்பால்தான் என் மனைவி அஞ்சலையும் ஐந்து வயசு மகள் ராஜாம்பாளும் இன்னும் விக்கிரமங்கலத்தில் இருக்கிறார்கள், நான் இங்கே ஊரான் வீட்டுக்குக் கட்டில் சுமக்கிறேன்.

2

இங்கே என் வேலை பந்தயக் குதிரை லாயத்தில். சண்டைக் காலத்தில் பெங்களூர்ப் பக்கம் பட்டாளக் குதிரை முகாமில் எனக்கு மேலே இருந்த மேஜர், பட்டாளம் குதிரையைக் கைவிட்டு லாரிக்கு மாறியதும் சீமைக்குத் திரும்பினார். அவருடைய தகப்பனார் வைத்துவிட்டுப் போன லாயம் இது. "குதிரையைப் பார்க்கத் தெரிந்த கண் உனக்கு இருக்கிறது, வந்துவிடு" என்று என்னையும் அழைத்துவந்தார். இரண்டு வருஷத்தில் குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது பேச்சு.

நம்மவர்களுக்குக் குதிரைப் பந்தயம் என்றால் வெறும் தரையில் ஓடுவதுதான் தெரியும். இங்கே குளிர்காலம் முழுக்க நடப்பது தாண்டும் ஓட்டம். அதில் இரண்டு வகை. ஒன்று படல் ஓட்டம். நம் பக்கத்தில் ஆட்டுக்கிடைக்கு வளைத்துக் கட்டுகிறோமே, கிட்டத்தட்ட அதே படல்தான். குச்சிகளைப் பின்னி, கொஞ்சம் சாய்த்து நட்டிருப்பார்கள். குதிரை இடித்தால் படல் சாயும், குதிரை போய்க்கொண்டே இருக்கும். இன்னொன்று வேலி ஓட்டம். ஆள் நெஞ்சு உயரத்துக்கு மிலாறுக் குச்சிகளைக் கட்டுக் கட்டாக இறுக்கி நிறுத்திய வேலி. சில இடங்களில் முன்னால் பள்ளமும் வெட்டியிருப்பார்கள். அது சாயாது. தப்பாக இடித்தால் குதிரைதான் சாயும்.

புதுக்குதிரைகளை, அதாவது அந்தக் குளிர்காலம் தொடங்கும்வரை படலில் ஒரு ஓட்டம்கூட ஜெயிக்காதவற்றை, தனியாக ஓட விடுவார்கள். அந்தப் புதுக்குதிரைகளில் நாளைக்கு எது வேலி தாண்டும் என்று இன்றைக்கே கண்டுபிடிப்பதில்தான் இந்தத் தொழிலின் பிழைப்பே இருக்கிறது. படலில் முந்துகிறது வேலியிலும் முந்தும் என்று நினைத்தால் மோசம் போவோம். இடித்தால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துகொண்ட குதிரை காலைச் சரியாகத் தூக்காமலே விசுக்கென்று போகும். அதனால் ஜெயிக்கும். வேலிக்கு வேண்டியது வேறு. முழங்காலுக்குக் கீழே கனத்த எலும்பு, அகலமான பின்பக்கம், அவசரப்படாத புத்தி, ஒரு எட்டு முன்கூட்டியே கிளம்பி முதுகை வளைத்து ஏறுகிற பழக்கம். அப்படிப்பட்ட குதிரை படல் ஓட்டத்தில் பெரும்பாலும் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோதான் வரும். சீட்டு வாங்கி வந்த ஜனம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

நான் கண்ணைவிடக் காதை நம்புகிறவன். காலையில் பழக்கும்போது கடைசிக்கு முந்தின படலுக்குப் பக்கத்தில் குந்தி, கண்ணை மூடிக்கொள்வேன். எதன் குளம்பு படலின் மேல்கட்டையில் டக்கென்று தட்டுகிறது, எது சத்தமில்லாமல் தாண்டுகிறது என்று கேட்பேன். நான் ஏதோ சாமி கும்பிடுகிறேன் என்று மற்ற ஆட்கள் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

3

என் அப்பா அரியலூர் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டினார். பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடி, பெரம்பலூர் ரோட்டில் மேடு வந்தால் ஜனங்களை இறக்கித் தள்ளச் சொன்ன காலத்தில் ஜட்காவுக்கு நல்ல கிராக்கி. வண்டியோடு, மட்டக்குதிரை வாங்கி விற்பதும் அவருக்கு உண்டு. குரும்பலூரிலிருந்தும் திருமானூரிலிருந்தும் மிராசுதார்கள் அவரைக் கூட்டிக்கொண்டுதான் குதிரை வாங்கப் போவார்கள். அவர் பல்லைப் பார்ப்பார், காலைப் பார்ப்பார். ஆனால் அவரைக் கூப்பிட்டது அதற்காக அல்ல. சுழி பார்க்க.

குதிரை உடம்பில் மயிர் வட்டமாகச் சுழித்து நிற்கிற இடங்களைப் பார்த்து, அது போகிற வீட்டுக்கு நல்லதா கெட்டதா என்று சொல்வது. நெஞ்சில் லட்சுமிச் சுழி இருந்தால் வீடு விளங்கும். காலில் விலங்குச் சுழி இருந்தால் எஜமான் ஜெயிலுக்குப் போவான். முதுகில் சேணத்துக்குப் பின்னால், இரண்டு பக்கமும் நேருக்கு நேராய் இரண்டு சுழி இருந்தால் அது பாடைச்சுழி. வைத்திருக்கிற வீட்டில் ஒரு உயிர் போகும்.

அதற்கு அப்பா ஒரு கட்டுப்பாடும் வைத்திருந்தார். பாடைச்சுழியைப் பார்த்தவன் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் சொன்னவன் வீட்டைத் தேடி வரும். அதனால் வாங்குகிறவர் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு, "இது வேணாங்க, வாங்க போவலாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நல்ல நல்ல குதிரைகளெல்லாம் அந்த ஒரு அழுத்தலில் கழிந்து போனதை நான் பார்த்திருக்கிறேன்.

மனுஷருக்கும் பார்ப்பார்கள். அஞ்சலைக்கு நெற்றியில் முடி தொடங்குகிற ஓரத்தில் ஒரு சுழி. எண்ணெய் வைத்து வாரினாலும் படியாது. அதைப் பார்த்துவிட்டு இரண்டு மாப்பிள்ளை வீட்டார் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போயிருந்தார்கள். மூன்றாவதாகப் போனவர்கள் நாங்கள். அவள் வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனதும் அப்பா என் காதோரம் குனிந்தார்.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. சுழி சரியில்லடா. மாமனாருக்கு ஆவாதும்பாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவர் ரகசியமாகச் சொன்னதற்கு நான் கூடம் அதிரப் பதில் சொன்னேன். "நாம பொண்ணு பாக்க வந்தமா, குதிர வாங்க வந்தமா? மயிரு சுழிச்சிருந்தா என்னா, சீப்பு வாங்கித் தரேன், வாரிக்கிட்டும்."

கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சலை சொன்னாள். "உள்ள கதவு மறவுல நின்னு கேட்டுக்கிட்டுத்தாங்க இருந்தேன். அந்த ஒரு பேச்சுக்குத்தான் ஒங்க பின்னாடி வந்தேன்."

கல்யாணமாகி ஏழாம் மாதம் அப்பா போய்விட்டார். காலரா. அந்த மாதம் எங்கள் தெருவிலேயே நாலு பேர் போனார்கள். ஆனாலும் சாவுக்கு வந்த எல்லோர் கண்ணும் அஞ்சலையின் நெற்றி மேலேயே இருந்தது. என் சின்னம்மா வாய்விட்டே சொன்னாள்: "தெரிஞ்சே கொண்டாந்து வச்சான். இப்ப யார நோவறது?"

நான் எழுந்து கத்தினேன். "தண்ணி கெட்டு செத்தாரு. அவ என்னா பண்ணுவா? இன்னொரு வாட்டி யாராவது சுழின்னு சொன்னீங்க, இந்த வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது."

அதன்பிறகு யாரும் என் காதுபடச் சொல்லவில்லை. அன்று பேசியது என் அடிமனசிலிருந்து வந்த பேச்சு என்றுதான் போன வருஷம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

4

குடும்பத்தை அழைத்துக்கொள்ள எத்தனை காகிதம் வேண்டும் என்று தெரிந்திருந்தால் கல்யாணத்துக்கு முன்பே எழுத ஆரம்பித்திருப்பேன். அஞ்சலைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விக்கிரமங்கலம் பள்ளிக்கூட வாத்தியார்தான் அவளுக்கு எல்லாம். பாரத்தில் பிறந்த தேதி கேட்டிருந்தார்கள். அவள் அம்மா, "கொள்ளிடம் ஒடச்சிக்கிட்டு வந்துச்சே, அந்த வருஷம்" என்று சொல்ல, வாத்தியார் அதை நல்ல தமிழில் எழுதி அனுப்பினார். திருச்சி ஆபீஸிலிருந்து தேதி எங்கே என்று திரும்பி வந்தது. ஒரு தேதியைப் போட்டு அனுப்பினால் போட்டோ சரியில்லை என்று வந்தது. நடுவில் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. அன்று நான் இங்கே லத்தி அள்ளிக்கொண்டிருந்தேன், மேஜர் வந்து கை கொடுத்தார், லத்திக் கையோடு நானும் கொடுத்தேன். அடுத்த மாதம் பாரமே மாறிவிட்டது, முதலிலிருந்து எழுது என்றார்கள்.

அந்தப் பாரத்தில் அங்க அடையாளம் என்று ஒரு கட்டம். என்ன எழுதட்டும் என்று வாத்தியார் கேட்டதற்கு அஞ்சலை, "நெத்தியில சுழின்னு எழுதுங்க சார், அதான் ஊருக்கே தெரியுமே" என்றாளாம். வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. இடது முழங்கையில் தழும்பு என்று எழுதிவிட்டு, நடந்ததை எனக்குத் தனியாக இரண்டு வரி எழுதியிருந்தார்.

எல்லாம் கூடி வந்தபோது கடைசியாக ஒன்று கேட்டார்கள். வருகிறவர்கள் தங்க வீடு உண்டு என்று முதலாளி கையெழுத்திட்ட கடிதம். நான் இருப்பது லாயத்துக்கு மேலே ஆறு ஆண்பிள்ளைகள் படுக்கிற ஒரே அறை. குடும்பம் இருக்கக்கூடிய வீடு இங்கே ஒன்றே ஒன்று, அதுதான் மேஸ்திரி வீடு. அப்போது மேஸ்திரியாக இருந்த ஹாரிக்கு வயசாகிவிட்டது. அடுத்த குளிர்காலத்தில் மகளிடம் போய்விடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் மேஜரிடம் போய் நின்றேன். அவர் நேராகப் பேசுகிற மனுஷர்.

"உன்னை மேஸ்திரி ஆக்க எனக்கு ஆசைதான். ஆனால் குதிரைச் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். வெளிநாட்டுக்காரனா என்பார்கள். நீ ஒன்று செய். இந்தப் புதுக்குதிரைகளில் ஒன்றை எடுத்துக் கொடு. வேலியில் ஜெயிக்கிற குதிரையாக. இது சாம் பொறுக்கிய குதிரை என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். அதற்குப் பிறகு எவன் வாயைத் திறப்பான்?"

வீட்டுக்குக் கையெழுத்து என்பது ஒரு குதிரையில் வந்து நின்றது. எனக்கு அதில் பயமே இல்லை. குதிரை பொறுக்குவது எனக்குக் கைவந்த வேலை. அன்றிலிருந்து ஹாரிக்குச் சாமான் தூக்க உதவுகிற சாக்கில் அந்த வீட்டுக்குள் போய் வருவேன். இங்கே அடுப்பு, இங்கே ராஜாம்பாளின் கட்டில் என்று பார்த்து வைப்பேன். அந்த நாட்களில் என் கனவில் அஞ்சலை வருவாள். நான் அவளிடம் இங்கிலீஷில் பேசுவேன், அவள் திருதிருவென்று விழிப்பாள்.

ராஜாம்பாளை நான் விட்டுவிட்டு வரும்போது அவளுக்கு இரண்டு வயசு. இப்போது அவள் தாய்மாமனை அப்பா என்று கூப்பிடுகிறாளாம். திருத்தினால் அழுகிறாளாம். என் போட்டோவைக் காட்டினால் பக்கத்தில் நிற்கிற குதிரையைத் தொட்டு, "இதுக்கு என்னா பேரு?" என்றுதான் கேட்கிறாளாம். வாத்தியார் இதை வேடிக்கையாக எழுதியிருந்தார்.

5

அந்த வருஷம் ஏழு புதுக்குதிரைகள். கதைக்கு வேண்டியவை இரண்டு. பட்டியலில் அவற்றுக்கு நீளமான இங்கிலீஷ் பெயர்கள் உண்டு. எனக்கு ஒன்று செவலை, இன்னொன்று காரி.

செவலை பார்க்கிறவர் கண்ணைப் பறிக்கும். மின்னுகிற தோல், பெண்பிள்ளை மாதிரி நடை. நெஞ்சில் அப்பா பார்த்திருந்தால் கை கூப்பியிருக்கும்படி ஒரு லட்சுமிச் சுழி. படலில் மூன்று ஓட்டம் ஓடி இரண்டை ஜெயித்தது. ஆனால் நான் கண்ணை மூடிக் கேட்டால் டக், டக், டக். ஒவ்வொரு படலிலும் குளம்பு தட்டும். அது தாண்டவில்லை, உரசிக்கொண்டு போனது.

காரி நெடிய கறுப்பு. ஐந்து வயசிலும் வளர்ந்து முடியாத உடம்பு. முதல் ஓட்டத்தில் ஆறாவது, அடுத்ததில் நாலாவது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் அது தாண்டும்போது எனக்கு ஒன்றுமே கேட்காது. குளம்படி நெருங்கி வரும், நின்றுபோகும், பிறகு அந்தப் பக்கம் கேட்கும். நடுவில் காற்றுதான். ஒருநாள் கால் வழுக்கித் தப்பான இடத்தில் போய் நின்றது. எந்தக் குதிரையும் படலுக்குள் விழுந்திருக்கும். காரி ஒரு சின்ன எட்டு வைத்துத் தன்னைத்தானே சரிசெய்துகொண்டு ஏறியது. நான் எழுந்து நின்றுவிட்டேன். என் வீடு அதோ ஓடுகிறது என்று நினைத்தேன். வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு எத்தனை தடவை வந்திருக்கிறது என்று விரல் விட்டுச் சொல்லிவிடலாம்.

காரியை அதுவரை வேறு ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வேலையை விட்டுப் போனதும் மேஜரிடம் கேட்டு நான் எடுத்துக்கொண்டேன். முதல் நாள் காலை கம்பளியை உருவிவிட்டு மாலிஷ் செய்யப் போனேன். முதுகில் இடது பக்கம் ஒரு சுழி. கை அதுவாகவே வலது பக்கத்துக்குப் போய்த் தடவியது. அங்கேயும் ஒன்று. நேருக்கு நேர்.

பிரஷ் என் கையிலிருந்து விழுந்துவிட்டது. ஹாரி எட்டிப் பார்த்து, "என்ன, புண்ணா?" என்றார். மயிரைக் காட்டினேன். "ஈரத்தில் எல்லாக் குதிரைக்கும் அப்படித்தான் நிற்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஈரமெல்லாம் இல்லை. காய வைத்துப் பார்த்தேன். வாரிப் பார்த்தேன். கத்தரியால் ஒட்ட வெட்டியும் பார்த்தேன். வெட்டிய இடத்தில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

6

பங்குனி முடிகிற சமயம், கடைசி ஓட்டத்துக்குப் பிறகு, மேஜர் என்னைத் திடலுக்கு அழைத்துக்கொண்டு போனார். குதிரைச் சொந்தக்காரர்களும் இரண்டு பேர் கூட வந்திருந்தார்கள்.

"சொல்லு சாம். வேலிக்கு எது?"

எனக்கு விடை தெரியும். அதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. தெரியாமல் தப்புச் செய்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். இரண்டு மாதமாக ஒவ்வொரு நாள் காலையிலும் கண்ணை மூடிக் காரியைக் கேட்டிருந்தேன். காரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஆனால் அந்த நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்தது அப்பாவின் பாடை. பின்னாலேயே ஒரு கப்பல், அதில் அஞ்சலை, அவள் மடியில் குழந்தை. பாடைச்சுழிக் குதிரை சம்பாதித்துக் கொடுக்கிற வீட்டுக்குள் அவர்களைக் கூட்டிவந்து வைப்பதா? நடுக்கடலில் ஏதாவது ஆனால்? வந்து இறங்கிய குளிரில் பிள்ளைக்கு ஏதாவது வந்தால்? இதெல்லாம் முட்டாள்தனம் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

"செவலை, சார்" என்றேன்.

மேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் கறுப்பைச் சொல்வாய் என்று நினைத்தேன். நீ அதைப் பார்க்கிற பார்வையைப் பார்த்திருக்கிறேனே."

"அதற்குத் தைரியம் போதாது, சார்."

பொய். அந்த லாயத்தில் அதைவிடத் தைரியமான உயிர் கிடையாது. எனக்குத்தான் போதவில்லை. நான் சொல்லிவிட்டு மேஜரின் கையைப் பார்த்தேன். அது பக்கத்தில் இருந்திருந்தால் அப்பாவைப் போல ஒரு அழுத்து அழுத்தியிருப்பேனோ என்னவோ.

"அப்படியானால் கறுப்பை விற்றுவிடலாம்" என்றார் அவர். என் பேச்சை அவ்வளவு நம்பினார்.

7

கோடையில் காரி போயிற்று. பத்து மைல் தள்ளி ஒரு குடியானவர் வாங்கிக்கொண்டார். லாரியில் ஏற்றும்போது அது என் தோளில் மூக்கை வைத்து ஊதியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

செவலையை ஐந்து மாதம் வேலிக்குப் பழக்கினேன். ராப்பகலாய் உழைத்தேன் என்று சொன்னால் மிகையில்லை. பழக்கும் வேலி சின்னது, அதை எப்படியோ தாண்டியது. ஒவ்வொரு தடவையும் மேல் மிலாறு சிதறும். பரவாயில்லை, பந்தயத்தில் புத்தி வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேஜர் வீட்டுக் கடிதத்தை டைப் அடித்து மேஜையில் வைத்திருந்தார். கையெழுத்து மட்டும் பாக்கி. நான் அஞ்சலைக்கு, கம்பளி ரவிக்கை நாலு தைத்துக்கொள் என்று எழுதிவிட்டேன்.

கார்த்திகையில் செவலைக்கு முதல் வேலி ஓட்டம். நான் மூன்றாவது வேலிக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் இரண்டிலும் இடித்துக்கொண்டே முன்னால் வந்தது. மூன்றாவதுக்கு முன் ஒரு பள்ளம். பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். டக் என்று கேட்கவில்லை. மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு ஜனங்கள் ஓவென்று கத்தியது.

படலில் செய்த மாதிரியே காலைத் தூக்காமல் போயிருக்கிறது. வேலி சாயவில்லை. செவலை தலைகுப்புற விழுந்து கழுத்து முறிந்துவிட்டது. ஓட்டியவனுக்குத் தோள் எலும்பு முறிந்ததோடு போயிற்று. நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அது அடங்கிவிட்டது. அந்த லட்சுமிச் சுழி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. கடிவாளத்தைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு லாரிவரை நடந்து வந்தேன். அதுவும் நல்ல குதிரைதான். படலிலேயே விட்டிருந்தால் இன்னும் பத்து ஓட்டம் ஜெயித்துக்கொண்டு சுகமாக இருந்திருக்கும். அதன் சாவு என் தலையில்தான் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்துக் காரி அதே பந்தயத் திடலில் அதே வேலிகளைத் தாண்டியது. மேஜரும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மிலாறுகூட அசையவில்லை. அடுத்த குதிரை வந்து சேர்வதற்குள் காரி திரும்பி நடந்து வர ஆரம்பித்துவிட்டது. மேஜர் கேட்டார்.

"அதில் நீ என்ன பார்த்தாய், சாம்?"

அவர் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாடைச்சுழியைச் சொல்லக்கூடாது என்கிற கட்டுப்பாடு அந்தத் திடலில் நின்றுகொண்டிருந்தபோதும் என் வாயைக் கட்டிவிட்டது. பார்த்துக்கொள்ளுங்கள், என் லட்சணத்தை!

காரியை வாங்கிய குடியானவர் வீட்டில் யாரும் சாகவில்லை. போன மாதம் அவருக்குப் பேரன் பிறந்திருக்கிறான்.

ஹாரி மகள் வீட்டுக்குப் போனார். குதிரைச் சொந்தக்காரர்கள் வேறு லாயத்திலிருந்து ஆளைக் கொண்டுவந்தார்கள். நேற்று அந்தப் புது மேஸ்திரியின் கட்டிலைத்தான் நான் தூக்கினேன்.

8

அஞ்சலைக்கு எழுதினேன். குதிரை விழுந்து செத்துவிட்டது, வீடு வேறு ஆளுக்குப் போயிற்று, இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும் என்று. அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. போன வாரம் பதில் வந்தது. வாத்தியார் கையெழுத்து. ஆனால் அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுவது அவர் வழக்கம்.

"குதிர செத்துப்போச்சுன்னு கேட்டதுலேருந்து மனசே சரியில்லங்க. வாயில்லாத சீவன். அதுக்குச் சுழி எப்பிடி இருந்துச்சு? நீங்க அதெல்லாம் பாக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். மாமா இருந்திருந்தா பாத்துச் சொல்லியிருப்பாரு. ஒங்க சின்னம்மா வந்திருந்தாங்க. இவ சுழி சீம வரைக்கும் போயி அடிச்சிருக்கு பாருன்னு பத்துப் பேரு முன்னால சொல்லிட்டுப் போனாங்க. நான் ஒண்ணும் பதில் பேசல. அப்பிடி இல்லன்னு நீங்க ஒரு வரி எழுதுங்க. அத வாத்தியார வுட்டு அவங்க இருக்கும்போது சத்தமாப் படிக்கச் சொல்றேன். ரவிக்கை நாலும் தச்சாச்சு. பொட்டியில வச்சிருக்கேன். பாப்பா நல்லா இருக்கு."

நீங்க அதெல்லாம் பாக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். இந்த ஒரு வரியை ஒரு வாரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். அவள் என்னோடு வந்ததே இந்த ஒன்றை நம்பித்தான். அவள் கேட்ட பதிலை எழுத உட்கார்ந்தால், நான் எதைச் செய்தேன் என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் அது இன்னொரு பொய். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். அவளுக்கு மட்டும் ரகசியமாக எழுதி என்ன பிரயோசனம்? அவளைப் பேசியது பத்துப் பேருக்கு முன்னால்.

9

வாத்தியார் இந்தப் பத்திரிகையை மாதாமாதம் வாங்குகிறவர். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

சார், என் சின்னம்மாவுக்குச் சொல்லி அனுப்புங்கள். அன்றைக்குக் கூடியிருந்தவர்களையும் வரச் சொல்லுங்கள். வந்த பிறகு முதலிலிருந்து படியுங்கள். செத்துப்போன குதிரைக்கு இருந்தது லட்சுமிச் சுழி என்ற இடத்தை இரண்டு தடவை படியுங்கள். முதுகில் பாடைச்சுழி இருந்த குதிரை இன்று நன்றாகத் தின்றுகொண்டு, ஜெயித்துக்கொண்டு, ஒரு வீட்டை வாழவைத்துக்கொண்டிருக்கிறது என்பதையும் படியுங்கள். அஞ்சலையின் நெற்றி இவ்வளவு தூரம் வரவில்லை. வந்தது என் பயம். வீடு போனதும், செவலை செத்ததும் என்னால்.

நான் சுழி பார்த்தேன். பார்க்க மாட்டேன் என்று ஊர் கேட்கச் சொன்னவன், யாரும் பார்க்காத இடத்தில் பார்த்தேன். மனைவியிடம் எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. அவள் பதில் எழுதச் சொன்னால் எழுதுங்கள். எழுத வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம்.

பாதியில் அவள் எழுந்து உள்ளே போய்விடக்கூடும். அதற்காக நிறுத்திவிடாதீர்கள், சார். சத்தமாகப் படித்துக்கொண்டே இருங்கள். பெண் பார்க்கப் போன அன்றும் நான் சொன்னதை அவள் கதவு மறைவில் நின்றுதான் கேட்டாள்.